நீட்டாத கைகள்

மதுரை
3-9-1936

அன்புள்ள மன்னிக்கு ஸ்யாமளா நமஸ்காரம்.

இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுத வரவில்லை.

போன வாரம் ரங்கூனிலிருந்து வந்தேன். அவருக்கு மாந்தளைக்கு மாற்றலாகிவிட்டது. அங்கே வீடு அமையும்வரை நான் அப்பா வீட்டில். வண்டியை விட்டு இறங்கியதும் “மன்னி எங்கே?” என்று கேட்டேன். அப்பா பேப்பரை முகத்துக்கு நேராக உயர்த்திக்கொண்டார். அம்மா சமையலறைக்குள் போய்விட்டாள். அண்ணா மட்டும் “ஊருக்குப் போயிருக்கா” என்றான், சுவரைப் பார்த்து.

பிறகு தெரு எனக்குச் சொன்னது. வியாச பௌர்ணமியன்று தெருக்கோடி பஜனை மடத்தில் பாதபூஜை. ஸ்வாமிகள் தம் காலைக் கழுவிய தீர்த்தத்தை, வரிசையில் நின்ற சுமங்கலிகள் கையில் ஒவ்வொரு உத்தரணியாக விட்டுக்கொண்டே வந்தவர், உங்கள் கையை மட்டும் தாண்டிப் போய்விட்டாராம். “உபதேசத்துக்கு வந்த இடத்தில் இவள் தகாத எண்ணத்தோடு நடந்துகொண்டாள்” என்று சபையில் சொன்னாராம். மடத்துக்குக் காரியதரிசி நம் அப்பா. மறுநாள் முதல் பஸ்ஸில் உங்களைப் பேரையூருக்கு அனுப்பிவிட்டார்கள். அன்று முதல் இந்தத் தெருவில் யாரும் உங்கள் பெயரைச் சொல்வதில்லை.

எனக்கு இந்தக் கதை பிடிக்கவில்லை. நம்பவும் இல்லை. நடந்ததை நீங்கள் எழுதுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். அண்ணாவுக்குச் சோழவந்தானில் பெண் பார்க்கிறார்கள்.

உங்கள்
ஸ்யாமளா


பேரையூர்
9-9-36

ஸ்யாமளாவுக்கு,

கடிதம் கிடைத்தது. உன் அப்பா சொல்லி எழுதினாயா, நீயாக எழுதினாயா? கோபித்துக்கொள்ளாதே. ஆறு வருஷம் அந்த வீட்டில் இருந்தவள் கேட்கிறேன்.

பெண் பார்ப்பது எனக்கு முன்பே தெரியும். பேரையூர் வறண்ட ஊர்தான், ஆனால் இப்படிப்பட்ட சேதிக்கு இங்கே பஞ்சம் இல்லை. என் அம்மா தினமும் “நீ என்னடி பண்ணினே?” என்று கேட்கிறாள். ‘அவர் என்ன பண்ணினார்’ என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. நீயும் ‘நடந்தது என்ன’ என்றுதான் கேட்கிறாய். மழை பெய்ததைக் கேட்கிற மாதிரி.

உன் அண்ணாவிடம் கேள். அன்று ராத்திரியே அவரிடம் எல்லாம் சொன்னேன். அவர் என்ன சொன்னார் என்று அவர் வாயால் சொல்லட்டும். பிறகு எழுதுகிறேன்.

வாலாம்பாள்


மதுரை
14-9-36

மன்னிக்கு,

நானாகத்தான் எழுதினேன். அவர் என்ன செய்தார்? இப்போது சரியாகக் கேட்டுவிட்டேனா?

அண்ணாவிடம் கேட்டேன். ஆபீஸுக்குக் கிளம்பித் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

“மன்னி உங்கிட்ட சொன்னாளா, இல்லையா?”

“சொன்னா.”

“நீ என்ன சொன்னே?”

“நான் என்ன சொல்றது? அப்பா மடத்துக் காரியதரிசி. ஊரே அவர் கால்ல விழறது.”

“நம்பினியா?”

செருப்பை மாட்டாமலே வாசல்வரை போய்த் திரும்பி வந்து மாட்டிக்கொண்டு போனான். மன்னி, அவன் நம்பினான். நம்பியும் வாயைத் திறக்கவில்லை. வெளிவேஷம் என்றால் காவி கட்டியவர்களுக்கு மட்டும் உரியது என்று நான் படித்த புத்தகங்களை வைத்து நினைத்திருந்தேன். ஆபீஸ் கோட்டுக்கும் அது பொருந்துகிறது.

செல்லூரிலிருந்து பூக் கொண்டுவரும் பாண்டியம்மாள் உங்களைத் தினமும் விசாரிக்கிறாள். நேற்று அம்மா காதில் விழவே சொன்னாள்: “சின்னம்மா எப்ப வாராங்க? அம்புட்டு நல்ல பிள்ளைய அனுப்பிட்டு, அந்தக் காவிக்கு முழம் முழமா மாலை வாங்குறீகளே!” அம்மா பூவை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். திட்டவில்லை. அதுவே எனக்கு ஆச்சரியம்.

பெண் நிச்சயமாகிவிடும் போலிருக்கிறது. பதினைந்து வயசு. விஜயதசமியன்று மடத்தில் பாதபூஜை வைத்து, ஸ்வாமிகள் அந்தப் பெண்ணுக்குத் தீர்த்தம் கொடுத்து ஆசீர்வதிக்க வேண்டும், கார்த்திகையில் கல்யாணம் என்று அப்பா திட்டம். எனக்குத் தெரிந்த ஒரு பத்திரிகைக்கு எழுதட்டுமா?

ஸ்யாமளா


பேரையூர்
20-9-36

அன்புள்ள ஸ்யாமளா,

பத்திரிகை வேண்டாம். அச்சில் வந்தால் ஊர் படிக்கப் போவது அவன் செய்ததை இல்லை, என்னை.

நீ சரியாகக் கேட்டுவிட்டாய். சொல்கிறேன்.

ஆறு வருஷமாகப் பிள்ளை இல்லை என்று, வியாச பௌர்ணமிக்கு முதல் நாள் உன் அம்மாதான் என்னை உபதேசத்துக்கு அழைத்துப் போனாள். அவள் முன்கூடத்தில் உட்கார்ந்தாள். உள் அறையில் கதவைச் சாத்தி, என் தலைமேல் ஒரு காவித் துணியைப் போட்டு மூடினான். மந்திரத்தை ஒருவர் காதில் ஒருவர்தான் சொல்ல வேண்டுமாம். துணிக்குள் மந்திரம் வந்தது. “உன் பூர்வ புண்ணியம், இது உனக்கு மட்டும். வெளியே சொன்னால் பலிக்காது” என்றான். பிறகு துணிக்குள் கை வந்தது. நான் நகர்ந்தேன். கை நகரவில்லை, இறங்கியது. பக்கத்தில் தண்ணீரோடு கமண்டலம் இருந்தது. எடுத்து மண்டையில் போட்டேன். ‘ஸ்நானத்தில் வழுக்கி விழுந்தோம்’ என்று நெற்றியில் துணி கட்டிக்கொண்டு மறுநாள் சபையில் சொன்னான். அது நான் கொடுத்த காயம்.

நனைந்த புடவையோடு நடைக்கு ஓடி வந்தேன். அங்கே குஞ்சம்மாள் மாமி பூத்தொடுத்துக்கொண்டிருந்தாள். என்ன ஏது என்று அவள் கேட்கவேயில்லை. துண்டை எடுத்துத் தோளில் போட்டு, கலைந்த பின்னலைச் சரிசெய்துவிட்டு “போ” என்றாள். பார்த்தவுடன் புரிந்துகொள்ள அவளுக்கு எப்படி முடிந்தது? இரண்டு மாதமாக இதையே நினைக்கிறேன்.

உன் அம்மாவிடமும் சொன்னேன். என் வாயைக் கையால் பொத்தினாள்.

நான் இன்னும் காலையில் ஸஹஸ்ரநாமம் சொல்கிறேன். “இத்தனைக்கு அப்புறமுமா?” என்கிறான் என் தம்பி. அம்பாளை அந்த ஸ்வாமியா எனக்கு அறிமுகம் செய்தான்? அவன் வருவதற்கு முன்பே எனக்கு அவளைத் தெரியும்.

எனக்கு உன் அண்ணாவைவிட என் பெயர் வேண்டும். அதைத் திருப்பி வாங்க ஒரு வழி சொல்.

மன்னி


மதுரை
18-10-36

அன்புள்ள மன்னிக்கு,

ஒரு மாதமாக எழுதவில்லை. நவராத்திரிக்காகக் காத்திருந்தேன். மற்ற நாளில் நான் ஒரு வீட்டு வாசல் ஏறினால் “எதற்கு?” என்று அப்பா கேட்பார். கொலுவுக்குப் போனால் கேட்க மாட்டார். வெற்றிலை பாக்கு வாங்க நம் தெருவில் எந்தப் பெண்ணும் எந்த வீட்டுக்கும் போகலாம், ஆண்கள் தாமாகவே கூடத்தை விட்டு எழுந்து போய்விடுவார்கள்.

முதல் நாள் சாயங்காலம் குஞ்சம்மாள் மாமி வீடு. அம்மாவும் கூட வந்தாள். பாட்டு முடிந்து மற்றவர்கள் போன பிறகு கேட்டேன்.

“மாமி, அன்னிக்குக் கமண்டலத்தால அடிச்சுட்டு ஓடி வந்த மன்னிக்குத் துண்டு கொடுத்தேளே, என்ன ஆச்சுன்னு ஏன் கேக்கலை?”

மாமி குங்குமச் சிமிழை மூடினாள்.

“கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணுமா?”

“எப்போ மாமி?”

“ஏழு வருஷம் ஆச்சு. எனக்குத்தான் பூர்வ புண்ணியம்னான். வெளியில சொன்னா பலிக்காது, இருக்கற ஒரு பிள்ளைக்கும் ஆகாதுன்னான். எங்கிட்ட கமண்டலத்தைத் தூக்கத் தெம்பு இல்லைடி.”

பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, அந்த மந்திரத்தைக் கணீரென்று ஒரு தரம் சொன்னாள். பயந்துபோய் நான் கொலுவைப் பார்த்தேன். ஒரு பொம்மைகூட அசையவில்லை. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மாமி சிரித்தாள். “இதுக்கா ஏழு வருஷம் பயந்தேன்!”

அதன் பிறகு எனக்கு வழி சுலபமாகிவிட்டது. உபதேசம் வாங்கிய பெண்கள் இருக்கும் வீட்டில், ஆள் குறைந்ததும், அந்த மந்திரத்தின் முதல் அடியை நான் முணுமுணுப்பேன். ‘எனக்கு மட்டும்’ என்று நம்பியிருந்தது வேறொருத்தி வாயிலிருந்து வந்தால் முகம் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். நேற்று ஒருத்தி என் மடியில் தலை வைத்து அழுதாள். இன்று இன்னொருத்தி தட்டோடு சுண்டலைக் கீழே போட்டுவிட்டு, “அந்தப் படுபாவி!” என்றாள். நான் கேட்காமலே ஒவ்வொருத்தியும் இன்னும் யார் யாரிடம் பேசலாம் என்று சொல்கிறாள்.

அம்மாதான் எனக்குப் புரியவில்லை. வீடு வீடாகக் கூடவே வருகிறாள். வெற்றிலையை மென்றுகொண்டு, காது கேளாதவள் போல அடுத்த அறையில் உட்கார்ந்திருக்கிறாள். அப்பாவிடம் சொல்லிவிடுவாளோ என்று எனக்குப் பயம்.

மாமிகள் கோபமாக இருக்கிறார்கள். விஜயதசமியன்று சபையில் எழுந்து கேட்டுவிடுவது என்கிறார்கள். என்ன கேட்பது, யார் முதலில் கேட்பது என்பதில்தான் தகராறு.

ஸ்யாமளா


பேரையூர்
21-10-36

ஸ்யாமளா,

அவசரமாக எழுதுகிறேன். தபால் கட்டுவதற்குள் போட வேண்டும்.

படித்துவிட்டு அழுதேன். துக்கத்தால் இல்லை. நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன்.

ஆனால் யாரும் எழுந்து பேசக் கூடாது. பேசினால் ஹிஸ்டீரியா என்பார்கள், பேய் என்பார்கள், உடனே வேப்பிலைக்கு ஆள் அனுப்புவார்கள். சத்தம் போட்டு ஜெயிக்க அவர்களுக்குத் தெரியும்.

அவன் என்னை எப்படி விலக்கினான்? ஒரு கூச்சலும் போடவில்லை. உத்தரணியை என் கைக்கு மேலாகத் தூக்கிக்கொண்டு போனான், அவ்வளவுதான். அந்த ஒரு நொடியில் நான் செத்தவள் ஆனேன். தீர்த்தம் கொடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று நமக்குக் காட்டிக்கொடுத்தவன் அவன். வாங்காமல் விட்டால் என்ன ஆகும் என்று அவனுக்கு இன்னும் தெரியாது.

வரிசையில் நில்லுங்கள். கையை நீட்டாதீர்கள். வேறெதுவும் வேண்டாம்.

உன் அம்மாவை இதில் இழுக்காதே. காரியதரிசி மனைவி என்று அவள்தான் எப்போதும் வரிசையில் முதல். அவள் வாங்கிக்கொள்ளட்டும். இரண்டாவது குஞ்சம்மாள் மாமி. அங்கிருந்து தொடங்கட்டும்.

மன்னி


மதுரை
25-10-36, சாயங்காலம்

மன்னி, மன்னி,

எழுத்து கோணினாலும் படித்துக்கொள்ளுங்கள்.

மடத்தில் இன்று நிற்க இடமில்லை. ஒரு பக்கம் ஆண்கள். சோழவந்தான்காரர் முன்வரிசையில். மறுபக்கம் நாங்கள், முப்பது பேர் இருக்கும். அந்தச் சின்னப்பெண் அரக்குப் பட்டுப்பாவாடையில் தன் அம்மாவை ஒட்டி நின்றது. நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தது.

பாதபூஜை முடிந்தது. ஸ்வாமிகள் வெள்ளிக் கிண்ணத்தோடு எழுந்து வந்தார். முதலில் அம்மா. உத்தரணியில் தீர்த்தத்தை மொண்டு நீட்டினார். அம்மாவின் கை புடவைத் தலைப்புக்குள் இருந்தது. வெளியே வரவில்லை.

நான் அவளிடம் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை, மன்னி. சத்தியமாக.

உத்தரணியிலிருந்து தீர்த்தம் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது. ஆண்கள் பக்கத்திலிருந்து அப்பா, “கையை நீட்டேன்! என்ன நின்னுண்டிருக்கே?” என்றார்.

“எனக்கு வேண்டாம்.”

“என்னடீ சொல்றே?”

“என் நாட்டுப்பெண்ணுக்கு இல்லாத தீர்த்தம் எனக்கு எதுக்கு? நான்தானே அவளை இங்கே அழைச்சுண்டு வந்தேன்? கதவைச் சாத்தினப்போ வெளியில உக்காந்துண்டிருந்ததும் நான்தானே?” குரல் உயரவில்லை. சமையலறையில் உப்பு எங்கே என்று சொல்கிற குரல். “வேணும்னா நீங்க வாங்கிக்கோங்கோ.”

ஸ்வாமிகள் சிரிக்கப் பார்த்தார். “அம்மாவுக்கு மனக்கலக்கம்” என்று சொல்லிக் குஞ்சம்மாள் மாமியிடம் நகர்ந்தார். மாமி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள், வாத்தியார் முன்னால் அடம்பிடிக்கிற பிள்ளை மாதிரி. அடுத்தவள். அதற்கு அடுத்தவள். நாங்கள் பேசி வைத்திருந்தது பதினோரு பேர். மன்னி, பன்னிரண்டாவது கையும் வரவில்லை! எங்களுக்குத் தெரியாதவர்கள், நான் படியேறாத வீட்டுப் பெண்கள், எல்லோரும் அவரைப் பார்த்தார்கள், அம்மாவைப் பார்த்தார்கள், கையை மூடிக்கொண்டார்கள். அவர் வேகமாக நடக்கத் தொடங்கினார். கிண்ணம் தளும்பியது. கடைசியில் அந்தச் சின்னப்பெண். பழக்கத்தில் கையை நீட்டிவிட்டது. அதன் அம்மா அந்தக் கையைப் பிடித்துத் தன் இடுப்போடு சேர்த்துக்கொண்டாள்.

அந்த நிசப்தத்தில், வாசலில் மாலைக் கூடையோடு நின்ற பாண்டியம்மாள் குரல் கேட்டது. “ஏத்தா, அம்புட்டுப் பேருக்குமா தாகமில்லாமப் போச்சு?”

யாரோ ஒருத்தி சிரித்தாள். பிறகு எல்லோரும். எங்கள் சிரிப்பு அந்த மடத்தில் இதுவரை கேட்டதில்லை. சுவருக்கே புதுசாக இருந்திருக்கும். ஸ்வாமிகள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இந்தத் தடவை தனியாக.

சோழவந்தான்காரர் அப்பாவிடம், “ஸார், முதல்ல உங்காத்து விஷயத்தை சரிபண்ணிக்கோங்கோ” என்று சொல்லிப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். விளக்கு வைப்பதற்குள் மடத்து வாசலில் வண்டி வந்தது. ஸ்வாமிகள் தீர்த்தயாத்திரை புறப்பட்டுவிட்டாராம். வழியனுப்ப நாலு பேர். அப்பா போகவில்லை. அறைக்குள் இருக்கிறார், சாப்பிட வரவில்லை.

அம்மா வழக்கம்போல ஸ்வாமி விளக்கை ஏற்றிவிட்டு, “அவர் போனா போகட்டும். அம்பாள் இங்கேதானே இருக்கா” என்றாள். எனக்கு அம்பாளைப் பற்றி உங்கள் இருவர் அளவுக்கு நிச்சயம் இல்லை. ஆனாலும் இன்று நானும் நமஸ்காரம் செய்தேன். அம்மாவுக்கா, அம்பாளுக்கா என்று எனக்கே தெரியவில்லை.

ஸ்யாமளா


பேரையூர்
2-11-36

அன்புள்ள ஸ்யாமளா,

உன் கடிதத்தை என் அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். தம்பி இரண்டாம் தடவை படிக்கச் சொன்னான். பன்னிரண்டாவது கையும் வராத இடத்தில் என் அம்மா எழுந்து கொல்லைக்குப் போய்விட்டாள். திரும்பி வந்து, “நீ என்ன பண்ணினேன்னு இனிமே கேக்க மாட்டேண்டி” என்றாள்.

நேற்று உன் அண்ணா வந்தார். பஸ் புழுதி தலை முழுக்க.

“அப்பா உன்னை அழைச்சுண்டு வரச் சொன்னார்” என்றார்.

“உங்கப்பா சொன்னார். நீங்க?”

“நானும்தான். எனக்கு அன்னிக்கே தெரியும், நீ பொய் சொல்ல மாட்டேன்னு.”

ஸ்யாமளா, நம்பாமல் இருந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. காப்பி கொடுத்தேன். குடித்து முடிக்கட்டும் என்று காத்திருந்து சொன்னேன்: “என்னை விலக்கினது சபையில. அன்னிக்கே தெரியும்னு இப்ப எங்கிட்ட சொன்னதை அதே சபையில நின்னு சொல்லுங்கோ. அதுக்கப்புறம் வந்து கூப்பிடுங்கோ.”

“மனுஷா முன்னாலயா?” என்றார்.

“மனுஷா முன்னாலதானே நான் நின்னேன்?”

சாயங்கால பஸ்ஸில் திரும்பிப் போனார். வரமாட்டார் என்று என் அம்மா சொல்கிறாள். வராவிட்டால் நான் இங்கேயே இருப்பேன். பயம் இல்லை. பெயர் கிடைத்துவிட்டது. மற்றது அவர் இஷ்டம்.

மன்னி


மதுரை
8-11-36

அன்புள்ள மன்னிக்கு,

சொன்னான்.

நேற்று சனிக்கிழமை பஜனை. ஸ்வாமிகள் இல்லாவிட்டாலும் ஆள் நிறைய வந்திருந்தது, பாதிப் பேர் வம்புக்கு. மங்களம் பாடுவதற்கு முன் அண்ணா எழுந்தான். இரண்டு தடவை கனைத்தான். “என் ஆம்படையா சொன்னது அத்தனையும் நிஜம். எனக்கு அன்னிக்கே தெரியும். தெரிஞ்சும் வாயைத் திறக்கலை. தப்பு அவ பேர்ல இல்லை” என்றான். ஒருவர் “பெரியவாளைப் பத்தி இப்படிப் பேசலாமாடா?” என்று கத்திவிட்டுத் துண்டை உதறி எழுந்து போனார். கூட இருவர். மற்றவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அப்பாவும் உட்கார்ந்திருந்தார், கண்ணை மூடிக்கொண்டு. இன்று காலை மடத்துச் சாவியைத் தாமே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். அம்மா “சாப்பிட வாங்கோ” என்றாள். வந்து உட்கார்ந்தார்.

பெண்கள் பக்கத்தில் யாரும் அண்ணாவைப் பாராட்டவில்லை. குஞ்சம்மாள் மாமி மட்டும், “நாலு மாசம் லேட்” என்றாள்.

நாளை காலை பஸ்ஸில் வருகிறான்.

ஸ்யாமளா


பேரையூர்
9-11-36

அன்புள்ள ஸ்யாமளா,

உன் கடிதத்துக்கு முன்னால் உன் அண்ணாவே வந்து சேர்ந்துவிட்டார். கடிதம் மத்தியானம் வந்தது. அவர் சொன்னதும் நீ எழுதியதும் ஒத்துப்போகின்றன. குஞ்சம்மாள் மாமி சொன்னதை மட்டும் அவர் விட்டுவிட்டார்.

புதன்கிழமை மத்தியான பஸ்ஸில் புறப்படுகிறோம். ராகுகாலம் என்றாள் அம்மா. இருக்கட்டும் என்றேன். தீபாவளிக்குள் வந்தாக வேண்டும். உன் அம்மாவிடம் சொல், கொல்லை வழியாக இல்லை, நல்ல வெயிலில், தெருக்கோடியில் வண்டியை விட்டு இறங்கி, மடத்து வாசலைத் தாண்டி நடந்தே வருகிறேன். எல்லா வீட்டுக் கதவும் திறந்திருக்கிற நேரம். யார் யார் பார்க்க வேண்டுமோ பார்க்கட்டும்.

உன் அண்ணாவை நான் மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. அதை வந்துதான் யோசிக்க வேண்டும். அவருக்கும் அது தெரியும். அதனால் காலையிலிருந்து மிகவும் உபகாரமாக இருக்கிறார். நான்கு மாதத்தில் என் பெட்டி நன்றாகக் கனத்துவிட்டது. வெண்கலப் பாத்திரம் வேறு இரண்டு வைத்துக் கொடுத்திருக்கிறாள் அம்மா. “தெருக்கோடியிலேர்ந்து இதை எப்படித் தூக்கிண்டு நடப்பே? கூலிக்கு ஆள் பிடிக்கட்டுமா?” என்று கேட்டார்.

“வேண்டாம்” என்றேன்.

“அப்ப நானே தூக்கிக்கறேன்.”

தூக்கட்டும்.

உன்
மன்னி